உள்ளூர்க் கணக்கு, வெளியூர்க் கணக்கு

மாலைப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்தச் செய்தி மனப்பாடம். ரகசியத் தகவல் கிடைத்தது, தனிப்படை போலீசார் லாட்ஜைச் சுற்றி வளைத்தார்கள், புரோக்கர் கைது, ‘வெளிமாநில அழகிகள்’ மீட்பு. ஊர்ப் பெயரும் தேதியும் மட்டும் மாறும். செய்தியில் வருகிற பெண் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்தவராக இருப்பார். உள்ளூர்ப் பெண் அதில் வருவது அபூர்வம். படிக்கிறவருக்கும் அதில் ஒரு நிம்மதி: நம்ம ஊரில் அப்படி யாரும் இல்லை, எல்லாம் வந்தவர்கள் பார்க்கிற வேலை.

நிலவரம் வேறு. கொல்கத்தாவின் சோனாகாச்சி, மும்பையின் காமாத்திபுரா மாதிரி ஒரு தெருவே பாலியல் தொழிலுக்கென்று பெயர் பெற்ற ஊர் தமிழ்நாட்டில் இல்லை. இங்கே நடப்பதெல்லாம் வீட்டிலும் லாட்ஜிலும் பஸ் ஸ்டாண்ட் ஓரத்திலும் நெடுஞ்சாலையிலும் சிதறிக் கிடக்கிறது, இப்போது செல்போனிலும். எய்ட்ஸ் தடுப்புப் பணிக்காக நாடு முழுவதும் கணக்கெடுக்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு (நாகோ), பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களை இடத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறது. தெரு, வீடு, லாட்ஜ், தாபா, நெடுஞ்சாலை என்று அந்தப் பட்டியல் போகும். 2020-22ல் அவர்கள் எடுத்த கணக்கின்படி நாட்டில் சுமார் 10 லட்சம் பெண்கள்.

ஆனால் தொழில் நடக்கிற விதத்தைக் கூர்ந்து பார்த்தால் வேறொரு பிரிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே ஊரில் இருந்து செய்பவர் ஒரு ரகம். ஊர் ஊராகப் போய்ச் செய்பவர் இன்னொரு ரகம். வருகிற ஆள் யார், காசு எத்தனை கை மாறுகிறது, மாட்டிக்கொண்டால் யார் வந்து நிற்பார்கள் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன. (இங்கே பேசுவது வயதுவந்த, தானாக இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களைப் பற்றி. சிறுமிகளையும், ஏமாற்றிக் கடத்தி வரப்பட்டவர்களையும் வைத்து நடப்பது தொழில் ஆகாது, அது குற்றம்.)

ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்தே இதைப் பார்க்கலாம். வ.உ.சி. பிறந்த இந்த ஊரின் தாலுகாவுக்குள்தான் மதுரை-தூத்துக்குடி நான்குவழிச் சாலை குறுக்குச்சாலை, புதூர் பாண்டியாபுரம் சுங்கச்சாவடி வழியாகத் துறைமுகத்துக்கு இறங்குகிறது. நிலக்கரி, கண்டெய்னர், உரம், மரத்தடி, உப்பு என்று ராத்திரி பகலாக லாரிகள் ஓடுகிற ரோடு. தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974ல். அதற்கு முன்பே மீனும் முத்தும் உப்பும் வெளியாட்களை இந்தக் கரைக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தன. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால் மன்னார் வளைகுடாக் கரையில் திடீரென ஒரு கூடார ஊரே முளைக்கும். வியாபாரி, வட்டிக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், வித்தை காட்டுகிறவர் எல்லாரும் வந்து இறங்குவார்கள். சில வாரத்தில் குளிப்பு முடிந்ததும் கூடாரம் பிரித்து, வந்த வழியே போய்விடுவார்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961ல் முடிந்தது. அந்தக் கரையின் இரண்டு வகை வியாபாரிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: சீசனுக்கு வந்து சீசனோடு போகிறவர், வருடம் முழுக்க இங்கேயே கடை வைத்து, தெரிந்த முகங்களை நம்பிப் பிழைக்கிறவர்.

ஊரிலேயே இருக்கும் பெண்ணின் மூலதனம் ‘ரெகுலர்’. பத்துப் பதினைந்து பேர் வாடிக்கையாக வருகிறவர்கள் இருந்தால் மாதம் ஓடிவிடும். அவர்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். யார் குடித்துவிட்டு வருவார், யார் கடன் சொல்வார், யாருக்குச் சம்பளம் எந்தத் தேதி என்பது வரைக்கும். கட்டணம் குறைவாகத்தான் இருக்கும், பேரமும் நடக்கும். ஆனால் புது ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஆபத்தும் குறைவு. நேரமும் அவர் கையில். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினால் மூன்றரை மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். அக்கம்பக்கத்தில் கேட்டால் கேட்டரிங், துணிக்கடை, வீட்டுவேலை. அது முழுப் பொய்யுமில்லை. இந்த வேலைகளில் ஏதோ ஒன்றைப் பாதி நேரமாவது செய்துகொண்டே இதையும் செய்பவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. சீர், மருத்துவச் செலவு, வாராவாரம் வந்து நிற்கும் குழுக்கடன் தவணை என்று எந்தக் கூலி வேலையும் ஈடுகட்டாத செலவுகள் வரும்போதுதான் கணக்கு இந்தப் பக்கம் சாய்கிறது.

அவருடைய பயம் ஒன்றே ஒன்று: தெரிந்துபோவது. சிலருக்குத் தெரிந்தால்தான் தொழில் நடக்கும். பலருக்குத் தெரிந்தால் வாழ்க்கை நடக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடப்பதுதான் உள்ளூர்த் தொழிலின் சாமர்த்தியம். அதனால்தான் பல பெண்கள் வீடு இருக்கும் ஊரிலேயே தொழில் செய்வதில்லை. முப்பது நாற்பது கிலோமீட்டர் பஸ் ஏறி அடுத்த டவுனுக்குப் போய், சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். கொல்கத்தாவில் இப்படி தினமும் புறநகர் ரயிலேறி வந்துபோகிறவர்களுக்கு ‘ஃப்ளையிங்’ என்றே பெயர். சோனாகாச்சியில் அறை எடுத்துத் தங்காமல், வந்த நாளுக்கு மட்டும் இடம் கேட்டு, வருமானத்தில் ஒரு பங்கை இடத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அங்கேயே ‘ஆதியா’ என்றொரு ஏற்பாடு உண்டு: சம்பாதிப்பதில் சரிபாதி வீட்டுக்கார அம்மாவுக்கு. நம் ஊர்ப் பக்கத்தில் நிலத்தை வாரத்துக்கு விடுகிற கணக்கு இது.

மலையாளத்தில் 2005ல் வந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிய நளினி ஜமீலாவின் சுயசரிதை தமிழிலும் வந்திருக்கிறது. களிமண் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். கணவர் இறந்தபின், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் தினம் ஐந்து ரூபாய் கேட்டார். கூலி அதற்குப் போதவில்லை. தொழிலுக்கு வந்த கதை அங்கே தொடங்குகிறது. முதலில் வந்த ஆளே போலீஸ் அதிகாரி. மறுநாள் நளினியைப் பிடித்ததும் போலீஸ். பிறகு லாட்ஜ், ‘கம்பெனி வீடு’, ஊர் மாற்றம் என்று அவர் கடந்து வந்த எல்லா வகையையும் அந்தப் புத்தகத்தில் காணலாம். கண்ணீர்க் கதையாக எழுதாமல் ஒரு தொழிலாளி தன் வேலை நிலைமைகளைச் சொல்கிற தொனியில் அவர் எழுதியதுதான் கேரளத்தை அதிகம் கோபப்படுத்தியது என்று தோன்றுகிறது.

ஊர் ஊராகப் போகிறவரின் கணக்கு இதற்கு நேரெதிர். அவரை யாருக்கும் தெரியாது. அதுதான் அவருக்கு லாபம். ஊரில் ஒரு பெயர், போகிற இடத்தில் ஒரு பெயர். ‘புதுசு’ என்பதற்கே ஒரு விலை உண்டு; அதே பெண் அதே ஊரில் ஒரு மாதம் இருந்தால் அந்த விலை கிடைக்காது. அதனால் பத்து நாள், இருபது நாள் என்று பேசி ஓர் ஊர், அடுத்து இன்னோர் ஊர். டிக்கெட், தங்குமிடம், ஆள் பிடிப்பது எல்லாம் புரோக்கர் பொறுப்பு. புரோக்கர் என்றதும் ஆண் முகமே நினைவுக்கு வரும். ஆனால் முன்பு இதே தொழிலில் இருந்து, வயதானபின் வீடு பிடித்து நடத்துகிற பெண்களும் உண்டு. அவர் எல்லாருக்கும் ‘அக்கா’.

ஒரு நாள் வருமானம் கூடுதல் என்றாலும் கைக்கு வருவது அந்த அளவுக்குக் கூடாது. ரூம் வாடகை, புரோக்கர் பங்கு, வந்துபோகிற செலவு, லாட்ஜ் பையனிலிருந்து மேலே வரைக்கும் ‘பார்த்துக்கொள்ள’ வேண்டிய ஆட்கள் எல்லாருக்கும் போய் மிஞ்சியதுதான் அவருடையது. முன்பணம் வாங்கியிருந்தால் அது தீரும்வரை ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் இல்லை. அறைக்குள் வருகிறவர் அடித்தாலோ காசு கொடுக்காமல் போனாலோ, அந்த ஊரில் அவருக்காகப் பேச ஆளில்லை. உள்ளூர்ப் பெண்ணுக்குத் தெரிந்த ஆட்டோக்காரராவது இருப்பார்.

2007-08ல் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் 22 மாவட்டங்களில், இப்படி இடம் மாறித் தொழில் செய்யும் 5,498 பெண்களை ஓர் ஆய்வுக்குழு சந்தித்துப் பேசியது. வருமானம், ஊரில் அடையாளம் தெரியாமல் இருப்பது ஆகிய இரண்டும் இடம் மாறுவதற்கு முக்கியக் காரணங்களாக வந்தன. அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கு வன்முறையும், ஆணுறை இல்லாத உறவுக்கு உடன்பட வேண்டிய நெருக்கடியும் அதிகம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, மைலாப்பூர் அரசு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்துப்போனார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததில் ஆறு பேருக்கு இருந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதன்பின் பல ஆண்டுகள் இந்தப் பெண்கள் ‘நோய் பரப்புகிறவர்கள்’ என்ற ஒரே கோணத்தில்தான் பேசப்பட்டார்கள். ஆனால் நோய் பயணம் செய்த வண்டியைப் பிடித்தால் அதில் உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் வாடிக்கையாளர். நாமக்கல்லில் ஏறி, தூத்துக்குடியில் சரக்கு இறக்கி, மும்பை வரை போய்த் திரும்புகிற லாரி டிரைவர் எத்தனை ஊர்களைத் தொடுகிறார்! இதைப் புரிந்துகொண்ட பிறகு லாரிப் பேட்டைகளில் கிளினிக் வந்தது. தெருவெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி ஒட்டப்பட்டது. அந்தப் புள்ளிராஜா ஆண் என்பது சாதாரண விஷயமாகத் தெரியலாம். அதுவரை சுவரொட்டிகள் விரல் நீட்டியது பெண்ணை நோக்கி.

தடுப்புத் திட்டங்கள் வெற்றி பெற்றதற்கு முக்கியக் காரணம், தொழிலில் இருக்கும் பெண்களில் ஒருவரையே களப்பணியாளராக வைத்தது. அவர் தன் பகுதியில் ஐம்பது அறுபது பேரைப் பெயர் சொல்லி அறிவார், ஆணுறை கொண்டுபோய்க் கொடுப்பார், பரிசோதனைக்குக் கூட்டிப்போவார். இந்த ஏற்பாடு உள்ளூர்ப் பெண்ணுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பத்து நாளில் கிளம்பிவிடுகிறவரை எந்தக் களப்பணியாளர் தேடிப் பிடிப்பது? இரண்டு ஊரில் இரண்டு பெயரில் இரண்டு முறை பதிவாவார், அல்லது எங்குமே பதிவாக மாட்டார்.

சட்டத்தின் கணக்கு இன்னும் விசித்திரம். இந்தியாவில் ஒரு பெண் பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்வது, அதை மட்டும் தனியாக எடுத்தால், குற்றமில்லை. 1956ல் வந்து 1986ல் பெயர் மாறிய ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் அதைச் சுற்றியிருக்கிற கிட்டத்தட்ட எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. வீட்டிலிருந்தபடி தொழில் செய்பவரை எடுத்துக்கொள்வோம். வாடகையை மிச்சப்படுத்த இரண்டு பெண்கள் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டால் அது சட்டப்படி ‘விபச்சார விடுதி’. இருவரின் பரஸ்பர லாபத்துக்கு இடம் பயன்பட்டாலே போதும். அவர் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிற 18 வயது தாண்டிய மகன், பிரிவு 4ன்படி இரண்டு ஆண்டு வரை சிறை போகலாம். கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் பிரிவு 7. நம் டவுன்களில் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி ஒரு வீடு பிடித்துவிட்டால் அதுவே அதிசயம்.

பயணம் செய்கிறவருக்கு பிரிவு 5. ஒருவரைத் தொழிலுக்காக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கூட்டிப்போவது, அவர் சம்மதித்தாலும், மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரியது. அந்தப் பெண் யார் தூண்டுதலும் இல்லாமல் தானே டிக்கெட் எடுத்து வந்தால் அந்தப் பிரிவு யார் மீதும் பாயாது. புரோக்கரை ஒடுக்கத்தான் இந்த விதி. ஆனால் நடைமுறையில், ரெய்டில் பிடிபடும் வெளியூர்ப் பெண் ‘மீட்கப்பட்டவர்’ ஆகிறார். அவரைக் காப்பகத்துக்கு அனுப்புமுன் மாஜிஸ்திரேட் குடும்பப் பின்னணியை விசாரிக்க வேண்டும்; அதுவரை மூன்று வாரம் வரை பாதுகாப்புக் காவல். உள்ளூர்ப் பெண்ணைக் கூட்டிப்போக யாராவது கோர்ட் வாசலில் வந்து நிற்பார்கள். வெளிமாநிலப் பெண்ணுக்கு ஊரிலிருந்து அம்மா வரவேண்டும். அம்மாவுக்கு விஷயமே தெரியாது. மும்பை மலாடில் 2019ல் பிடிபட்ட மூன்று பெண்களைப் பெற்றோரிடம்கூட ஒப்படைக்க மறுத்து, உத்தரப் பிரதேசத்தில் ஒரு காப்பகத்துக்கு அனுப்பக் கீழ்க்கோர்ட் உத்தரவிட்டது. 2020 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்து, வயதுவந்த பெண் எங்கே இருப்பது, எங்கே போவது என்பதை அவரே முடிவு செய்யலாம் என்றது.

இதே சட்டத்தில் பிரிவு 20 என்று ஒன்று. தன் எல்லைக்குள் இருக்கும் பாலியல் தொழிலாளி அங்கே இருப்பது பொதுநலனுக்கு உகந்ததில்லை என்று மாஜிஸ்திரேட் கருதினால், ஊரை விட்டே போகச் சொல்லலாம். உள்ளூர்ப் பெண்ணைப் பயணியாக்கும் பிரிவு என்று இதைச் சொல்வதில் தப்பில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த 1958 மே முதல் தேதியே அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஹுஸ்னா பாய் என்ற பெண் மனு போட்டார்: என் பிழைப்பை எந்த உரிமையில் பறிக்கிறீர்கள்? மனு தோற்றது, ஆனால் கேள்வி ஓயவில்லை. கான்பூர்ப் பெண்கள் சிலருக்கு பிரிவு 20ன்படி நோட்டீஸ் வந்தபோது, அந்தப் பிரிவு செல்லாது என்று அலகாபாத்தில் தீர்ப்பு கிடைத்தது. 1963ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பிரிவு செல்லும் என்றது. வெளியேற்றும் சட்டங்களுக்கு இந்த மண்ணில் வயது அதிகம். 1868ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம், பெண்கள் பெயரைப் பதிந்து கட்டாயப் பரிசோதனைக்கு வரச்சொன்னது. கல்கத்தாவில் பலர் நகர எல்லையைத் தாண்டி ஓடினார்கள். 1888ல் சட்டம் வாபஸ் ஆனது.

வெளிநாடுகளில் இந்த இரண்டு ரகமும் வெளிப்படையாகவே தெரிகின்றன. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பல எஸ்கார்ட்டுகள் ‘டூர்’ போகிறார்கள்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்த நகரம் என்று முன்கூட்டியே அறிவித்து, முன்பணம் வாங்கி, பதிவு நிரம்பினால்தான் கிளம்புவார்கள். ஹோட்டல் வாடகையும் விமானக் கட்டணமும் சேர்ந்த விலை அது. உள்ளூரில் இருப்பவர் விலையைக் குறைத்து, வந்தவரே திரும்ப வருவதை நம்புகிறார். நியூசிலாந்தில் 2003ன் சட்டப்படி நான்கு பெண்கள் வரை சேர்ந்து, யாருக்கும் கீழே வேலை செய்யாமல், தனிச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் ஒரே வீட்டில் தொழில் நடத்தலாம். ஆனால் தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு அதே சட்டம் கதவைச் சாத்துகிறது. ஜெர்மனி 2017 முதல் எல்லாரையும் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு இரண்டு ஆண்டுக்கு, 21 வயதுக்குக் கீழே என்றால் ஓராண்டுக்கு. தாராளமான நாடுகளுக்கும் ஒரே இடத்தில் இருக்கும் பெண்தான் கையாள வசதி.

செல்போன் வந்தபின் இந்தக் கோடு கொஞ்சம் அழிந்திருக்கிறது. வீட்டை விட்டு நகராத பெண்ணே தெரியாத ஊர் ஆளிடம் பேசி, நடுவில் ஒரு டவுனில் சந்திக்கலாம். புரோக்கர் இல்லாமல் நேரடியாகப் பணம் வாங்கலாம். அதே போன் வழியாகப் படம் எடுத்து மிரட்டுகிறவரும் வந்துவிட்டார். தூத்துக்குடி, திருநெல்வேலி என்று ஊர்ப் பெயர் போட்டு இணையத்தில் வரும் ‘எஸ்கார்ட் சர்வீஸ்’ விளம்பரங்களில் பலவற்றுக்குப் பின்னால் பெண்ணே கிடையாது. யாரோ ஒரு பெண்ணின் திருடிய படம், ஜிபே நம்பர், முன்பணம், அதன்பின் பதிலில்லாத போன். ஏமாந்தவர் போலீஸுக்குப் போகமாட்டார் என்பதுதான் அந்த வியாபாரத்தின் அஸ்திவாரம்.

கொரோனா ஊரடங்கு இரண்டு ரகத்தையும் ஒரே நாளில் நிறுத்தியது. உள்ளூர்ப் பெண்ணுக்கு ரெகுலர் வரவில்லை. வெளியூரில் மாட்டியவருக்கு ரயிலே இல்லை. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அடையாள அட்டை கேட்காமல் பாலியல் தொழிலாளர்களுக்கு ரேஷன் கொடுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. யார் என்று அடையாளம் காட்டுவது நாகோவும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும். பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு அரிசி, பருப்பு வந்தது. பட்டியல், மேலே சொன்ன களப்பணியாளர் நோட்டிலிருந்து வருவது. ஊர் மாறிக்கொண்டே இருந்தவர் பெயர் அதில் எப்படி இருக்கும்? 2021 டிசம்பரில் கோர்ட் இன்னொரு வழியைச் சேர்த்தது: தொழிலாளர்களின் சொந்த அமைப்புகள் தரும் பெயர்களையும் சரிபார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

2022 மே 19ல் நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு கொடுத்த உத்தரவில்தான் பத்திரிகைகளில் அதிகம் பேசப்பட்ட வரிகள் இருக்கின்றன. தானாக விரும்பி இந்தத் தொழிலில் இருப்பவரை ரெய்டில் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது. விடுதி நடத்துவதுதான் குற்றம். மீட்பு என்ற பெயரில் முகத்தையும் பெயரையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. அதிகம் பேசப்படாத ஒரு வரியும் அதில் உண்டு. பாலியல் தொழிலாளிக்கு ஆதார் கொடுக்க முகவரிச் சான்று தேவையில்லை. நாகோவின் கெசட்டட் அதிகாரியோ மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். என்ன தொழில் என்று காட்டிக்கொடுக்கும் குறியீடு எதுவும் அந்த எண்ணில் இருக்கக் கூடாது என்றும் கோர்ட் சொல்லியிருக்கிறது. வீட்டு வாடகை ரசீதோ கரண்ட் பில்லோ தன் பெயரில் இல்லாமல், வருடத்தில் நான்கு ஊர் மாறுகிறவர் அந்தப் படிவத்தோடு எந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கும் எழுத்தர்தான் சொல்ல வேண்டும்.